நூறு அடி

சென்ற வாரம் சேது சீமையின் ஆட்கள் பன்னிரண்டு பேரை மலை முகட்டில் நிறுத்திவிட்டுப் பிரிந்தோம். ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறார்கள், பாவம். வாருங்கள், ஏறுவோம்.

அதற்குமுன் மகாராஜபுரம், வத்திராயிருப்பு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிளவக்கல்லில் நமக்கென்று ஒரு பெரியாறு அணை உண்டு. இந்தக் கதை அதைப் பற்றியதல்ல. இது சிவகிரி மலைகளில் பிறந்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரபிக் கடலுக்குப் போகும் பெரியாறு. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் கண்மாய் வெடித்துக் கிடக்கும். நமக்குப் பழகிய வேதனைதான். வைகையின் கடைமடையில் இருந்த ராமநாதபுரத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அதனால்தான் ராமநாதபுரத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, தண்ணீரைத் திருப்ப வழி உண்டா என்று பார்க்க அந்தப் பன்னிரண்டு பேரை அனுப்பினார்.

அவர்கள் என்ன சொன்னார்கள்?

"முடியும்" என்றார்கள்.

மலையைக் குடைந்தால் மேற்கே ஓடும் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம். ஆனால் பணம்? கஜானா தாங்காது. பிரதானியின் கனவு அங்கேயே நின்றது.

சில ஆண்டுகளில் சீமையே கைமாறியது. சேதுபதி முத்துராமலிங்கர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறையில். கனவு மட்டும் எப்படியோ வெள்ளைக்காரர்களின் காதுக்குப் போய்விட்டது.

1808. மலை ஏறி வந்தவர் கேப்டன் கால்டுவெல். கம்பெனியின் பொறியாளர்.

இந்த மனிதரைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அவர் கெட்டவரல்ல, சோம்பேறியும் அல்ல. காட்டுக்குள் போய்ப் பார்த்தவர். ஆனால் அவரை அனுப்பியது ஒரு வியாபாரக் கம்பெனி. ஒவ்வொரு அடியும் அவருக்குச் செலவுக் கணக்கு. ஆறு கீழே, பள்ளத்தில். கம்பம் பள்ளத்தாக்கு இந்தப் பக்கம், இன்னும் கீழே. நடுவில் முகடு. ஆறு ஓடும் மட்டத்திலேயே தண்ணீரைக் கொண்டுவர எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும்?

அளந்தார்.

நூறு அடிக்கு மேல்!

அன்று கையில் இருந்தவை என்ன? கடப்பாரை, மண்வெட்டி, கூடை, கொஞ்சம் வெடிமருந்து. டைனமைட் வர இன்னும் அறுபது ஆண்டு இருந்தது. சுற்றிலும் காய்ச்சல் பிடித்த காடு. எந்த ஆள் வருவான்? எத்தனை பேர் திரும்புவார்கள்?

அந்த ஓர் அளவுதான் மதுரைச் சீமையின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. இது வெறும் கனவு, இனி யோசிக்கவே தகாதது என்று அறிக்கை எழுதினார். கோப்பு மூடியது.

ஏறக்குறைய அதே காலத்தில், உலகின் இன்னொரு மூலையிலும் ஓர் அளவு ஒரு கால்வாயைக் கொன்றது. நெப்போலியன் எகிப்துக்குப் போனபோது சூயஸில் கால்வாய் வெட்ட ஆசைப்பட்டான். அவனுடைய பொறியாளர் லெ பேர் அளந்து பார்த்து, செங்கடல் மத்தியதரைக் கடலைவிடச் சுமார் 10 மீட்டர் உயரம் என்றார். எல்லோரும் பயந்தார்கள். அளவே தப்பு! இரண்டு கடலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம் என்று உறுதியாகத் தெரிய 1847 ஆனது.

கால்டுவெல் கதை அப்படியல்ல. அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

அவருடைய அளவு சரி. கேள்விதான் தப்பு.

முகட்டை ஆற்றுக்கு இறக்குவது எப்படி என்று பார்த்தார். ஆற்றை முகட்டை நோக்கி ஏற்றினால் என்ன என்று பார்க்கவில்லை. பள்ளத்தில் அணை கட்டு. தண்ணீர் தேங்கி உயரட்டும். உயர்ந்த தண்ணீருக்கு வழிவிட மலையில் ஒரு துளை போதும். பிற்காலத்தில் அந்தத் துளை 5,704 அடி நீளத்துக்கு, 12 அடி அகலத்தில் குடையப்பட்டது. அதன் வழியாகத்தான் தண்ணீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாறு, வைகை என்று கைமாறி, பேரணையில் கால்வாய் ஏறி மேலூர் வயல்வரை போகிறது.

ஆனால் அவசரப்படாதீர்கள். அந்த யோசனை பொறியாளர்களின் மேசைக்கு வரவே பல பத்தாண்டு ஆனது. 1850இல் அணை ஒன்றைத் தொடங்கினார்கள். காய்ச்சலும் கூலித் தகராறும் அதை முடக்கின. பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம். சாலையோரங்களில் மனிதர்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு அப்போதும் நிறைந்துதான் ஓடியது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு கோப்பை யாரும் மூடத் துணியவில்லை. 1882இல் அது ஒரு மேஜரின் கைக்கு வந்தது.

பென்னிகுயிக்.

கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு, மலை இடுக்கில் 155 அடி உயர அணை. மலைக்குள் சுரங்கம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது.

ஒன்றைத் தவிர.

அணை எழும்ப வேண்டிய இடம் சென்னை அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை. அது திருவிதாங்கூர் மகாராஜாவின் காடு. அதைக் கேட்டு 1862இலேயே பேச்சு தொடங்கியிருந்தது. இருபது ஆண்டு ஓடியும் திருவனந்தபுரம் தலையசைக்கவில்லை.

மகாராஜா ஏன் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் எத்தனை காலத்துக்கு?

ஒப்பந்தத்தில் ஏறிய அந்த எண்ணைக் கேட்டால் திகைத்துப் போவீர்கள்.

அடுத்த வாரம்!