கடலூர் பாக்கெட் ஷாம்பு: உண்மையான போட்டி யாரோடு?

தொழில் போட்டின்னு பேச ஆரம்பிச்சாலே மைக்கேல் போர்ட்டர் பெயர் வந்துடும். நேரடிப் போட்டியாளர், புதுசா உள்ளே வருபவர், மாற்றுப் பொருள், வாங்குபவர், சப்ளை செய்பவர் என்று ஐந்து சக்திகள் ஒரு தொழிலின் லாபத்தைத் தீர்மானிக்கின்றன என்று 1979-ல் எழுதினார். இதை ஒரு ஷாம்பு பாக்கெட்டை வைத்துப் பார்ப்போம்.

அப்போதெல்லாம் ஷாம்பு என்றாலே பாட்டில்தான். தினக்கூலிக்குப் போறவங்க ஒருநாள் சம்பளத்தில் அதை வாங்க முடியாது. அவங்க வீட்டில் சீயக்காய். 1970-களில் கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். மற்ற பாட்டில்களை விட, சீயக்காய்தான் அவருக்குப் போட்டி.

அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன், குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பு ஆரம்பித்தார். ஆனா பாக்கெட் போடுவது யாராலும் முடியுமே? இங்கேதான் ஒரு நல்ல யோசனை. எந்தக் கம்பெனியோட ஐந்து காலி பாக்கெட் கொடுத்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். ஜனங்க சிக் கேட்டு வாங்க, கடைக்காரரும் அதையே வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ஆனதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தக் காலி பாக்கெட்டுகள் இன்னைக்கு ஊர் சாக்கடையை அடைக்குது. போர்ட்டரோட ஐந்து சக்திகளில் ஊருக்கு இடமே இல்லை.

இந்தக் கதை என்னை உறுத்த ஒரு காரணம் உண்டு. முதல் வேலையில் நாங்க கடைகளுக்கான பில்லிங் ஆப் ஒன்று செய்தோம். வருடச் சந்தா மட்டும்தான். ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி, "மாசாமாசம் கட்டலாமா தம்பி?" என்று கேட்டார். வருடமாகக் கட்டினால் எவ்வளவு மிச்சம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு சரிதான். ஆனா அவர் கல்லாவில் அன்னைக்கு அவ்வளவு பணம் இல்லை. நாங்க மற்ற ஆப்களோட வசதிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் பழைய நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிப் போயிட்டார்.

நீங்க செய்யும் பொருளுக்கு எது சீயக்காய்? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.