ஸ்னோ ப்ளோவர் வாங்கப் போறீங்களா? டூ-ஸ்டேஜ் மெஷினில் என்ன பார்க்கணும்? முழு விவரம்!

கனடாவின் டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் லட்சக்கணக்கில் தமிழர்கள் வசிக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் காலையில் எழுந்ததும் முதல் வேலை, காரை வெளியே எடுக்க டிரைவ்வேயில் குவிந்த பனியை அள்ளுவதுதான்.

6 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் கொண்ட டிரைவ்வேயில் 20 செ.மீ. பனி பெய்தால், லேசான புதுப் பனியே ஏறத்தாழ 1,200 கிலோ வரும். ஈரப்பனி என்றால் எடை இரண்டு மடங்கையும் தாண்டும்.

இது வெறும் கை வலி சமாச்சாரம் இல்லை. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான தரவுகளை வைத்து நடந்த ஆய்வில், கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு அதிகரிப்பது தெரியவந்தது. பனி அள்ளுவதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தெற்காசியர்களுக்கு இதய நோய் ஆபத்து ஏற்கெனவே அதிகம். அதனால்தான் பலர் மெஷின் பக்கம் போகிறார்கள்.

டூ-ஸ்டேஜ் என்றால் என்ன?

சிங்கிள்-ஸ்டேஜ் மெஷினில் பனியை அள்ளுவதும் வீசுவதும் ஒரே பாகம்தான். டூ-ஸ்டேஜில் வேலை இரண்டாகப் பிரியும். முன்னால் உள்ள ஆகர் எனும் இரும்புத் திருகு பனியை உடைத்து உள்ளே இழுக்கும். பின்னால் வேகமாகச் சுழலும் இம்பெல்லர், அதை மேலே உள்ள குழாய் வழியாகத் தூரமாக வீசும். சக்கரங்களும் இன்ஜினிலேயே ஓடும், ஆள் தள்ள வேண்டியதில்லை.

'கேஸ்' என்றதும் சிலிண்டர் நினைவுக்கு வரும். வட அமெரிக்காவில் பெட்ரோலைத்தான் 'கேஸ்' என்பார்கள்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. சின்ன டிரைவ்வே, 15 செ.மீ.க்குள் பனி என்றால் சிங்கிள்-ஸ்டேஜே போதும். ஆனால் சாலைப் பனியைத் தள்ளும் வண்டி போன பிறகு, டிரைவ்வே வாசலில் இறுகிய பனி மேடு ஒன்று நிற்குமே, சோதனையே அங்கேதான். கல்லு மாதிரி இருக்கும் அந்த மேட்டில் சின்ன மெஷின்கள் திணறும். அது அடிக்கடி உயரமாகக் குவியும் வீடு என்றால் டூ-ஸ்டேஜ் கைகொடுக்கும்.

ஜல்லி போட்ட டிரைவ்வேக்கும் இதுதான் சரி. சிங்கிள்-ஸ்டேஜின் ரப்பர் துடுப்பு தரையைத் தொட்டு ஓடுவதால் கல்லையும் சேர்த்து வீசும். டூ-ஸ்டேஜில் ஆகர் தரையைத் தொடாது. பக்கவாட்டில் உள்ள ஸ்கிட் ஷூவை இறக்கி, மெஷினின் வாய்ப்பகுதியை இன்னும் உயர்த்திக்கொள்ளலாம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* அகலம்: இரண்டு கார் நிற்கும் டிரைவ்வேக்கு 24 இன்ச் பொதுவாகப் போதும். நீளமான இடம் என்றால் 28 இன்ச்.
* இன்ஜின்: 24 இன்ச்சுக்கு 200 சிசிக்கு மேல், 28 இன்ச்சுக்கு 250 சிசி அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. அகலம் கூடி இன்ஜின் சிறிதாக இருந்தால் ஈரப்பனியில் மூச்சு வாங்கும்.
* வாய் உயரம்: 20 இன்ச் அல்லது அதற்கு மேல்.
* ஸ்டார்ட்: கடுங்குளிரில் கயிறு இழுப்பது கஷ்டம். எலக்ட்ரிக் ஸ்டார்ட் அவசியம். பல மாடல்களில் இதற்கு வீட்டு பிளக் தேவைப்படும்.
* திருப்புவது: பல மாடல்கள் 80 கிலோவுக்கு மேல் எடை. கைப்பிடி லீவரை அழுத்தினாலே திரும்பும் வசதி இருந்தால் முதுகு தப்பிக்கும்.
* இடம்: பேஸ்மென்ட் படியில் இறக்க முடியாது. கராஜில் இடம் இருக்கா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

ஷியர் பின்னை மறக்காதீங்க

ஆகரில் கல்லோ ஐஸ் கட்டியோ சிக்கினால், கியர் பாக்ஸைக் காப்பாற்ற இந்தச் சின்ன பின் தானே உடையும். அதற்குப் பதில் கடையில் கிடைக்கும் சாதா போல்ட்டைப் போட்டால் அது உடையாது, கியர் பாக்ஸ்தான் உடையும். மெஷினுக்கு உரிய பின் நாலைந்து எப்போதும் கையில் இருக்கட்டும்.

10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோல் வேண்டாம். சீசன் முடிந்ததும் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைத்தால் கார்ப்பரேட்டர் அடைத்து, அடுத்த டிசம்பரில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும்.

உயிர் முக்கியம்

குழாயில் பனி அடைத்தால் கையை விடவே கூடாது. இன்ஜினை நிறுத்திய பிறகும், சிக்கி நிற்கும் இம்பெல்லர் அடைப்பு நீங்கியதும் சட்டென்று சுழலலாம். விரல் போன விபத்துகள் பல இப்படித்தான் நடந்தன. நிறுத்தி, எல்லாம் அடங்கிய பிறகு மெஷினோடு வரும் பிளாஸ்டிக் கம்பால் மட்டுமே எடுக்க வேண்டும்.

கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் இன்ஜினை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றுவதும் ஆபத்து.

மொத்தத்தில், கடையில் நிற்கும் பெரிய மெஷினைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். டிரைவ்வே வாசலில் குவியும் அந்த மேடு எவ்வளவு உயரம் என்று பார்த்து முடிவு செய்தால் போதும்.