திறந்த சிறுநீர்ப்பை

கருவில் அடிவயிற்றின் முன்சுவரும் இடுப்பெலும்பின் முன்பக்கமும் கூடாமல் போனால், சிறுநீர்ப்பை பையாக மூடாது. சிவந்த தட்டுப்போல் வயிற்றின்மேல் விரிந்து கிடக்கும். மருத்துவர்கள் இதை பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி என்பர். ஏறத்தாழ 30,000 முதல் 50,000 பிறப்புகளில் ஒன்றில் நேரும் இக்குறை ஆண் குழந்தைகளிடம் மிகுதி.

இக்குறையைப் பற்றிய மருத்துவக் குறிப்பு ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உண்டு. சிகிச்சைக்குத்தான் நெடுங்காலம் ஆயிற்று. 1850களின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் சைமன் சிறுநீர்க்குழாய்களை மலக்குடலுக்குத் திருப்பிவிட்டார். நோயாளி ஏறத்தாழ ஓராண்டே வாழ்ந்தார். விலகிய எலும்பைக் கூட்டாமல் வயிற்றை மூடினால் தையல் பிரியும் என்பதை உணர்ந்து, இடுப்பு மூட்டுகளைத் தளர்த்தி நெருக்கியவர் ஜெர்மனியின் டிரெண்டெலன்பர்க். 1942இல் பால்டிமோரில் ஹ்யூ யங், தாம் சிறுநீர்ப்பையை மூடிய ஒரு சிறுமியால் சிறுநீரைக் கட்டுப்படுத்த முடிந்ததை வெளியிட்டார். பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ராபர்ட் ஜெஃப்ஸ், ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாமல் கட்டம் கட்டமாகச் செய்யும் முறையை நிலைநாட்டினார். பிறந்த 72 மணி நேரத்துக்குள் இடுப்பெலும்பு வளைந்து கொடுக்கும் என்பதால், தகுந்த குழந்தைகளுக்கு எலும்பை வெட்டாமலே மூடலாம். தாமதமானால் எலும்பையும் வெட்டி, வாரக்கணக்கில் கால்களை அசையாமல் வைக்க வேண்டும். முழுச் சீரமைப்பையும் ஒரே அறுவையில் முடிக்கும் மருத்துவர் மிட்செலின் முறை 1990களில் பரவியது. எதுவானாலும், கைதேர்ந்த குழுவிடம் முதல் மூடல் வெற்றி பெறுவதே குழந்தையின் பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது.

ஆகவே முன்கூட்டி அறிவது முக்கியம். 1995இல் மருத்துவர் கியர்ஹார்ட்டின் குழு கருக்கால ஸ்கேனில் தெரியும் அறிகுறிகளைத் தொகுத்தது: சிறுநீர்ப்பை தென்படாமை, தாழ்ந்த தொப்புள், விலகிய இடுப்பெலும்பு, சிறிய பிறப்புறுப்பு, கரு வளர வளரப் பெரிதாகும் அடிவயிற்றுப் புடைப்பு. பனிக்குட நீர் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பது பார்ப்பவரை ஏமாற்றிவிடும். சிறுநீரகம் வேலை செய்கிறது, நீரும் இருக்கிறது, பையை மட்டும் காணோம் என்றால் சற்று நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கரு அப்போதுதான் சிறுநீர் கழித்திருக்கலாம். அப்போதும் தென்படாவிட்டால், குழந்தை அறுவை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வது நல்லது.

பிறந்ததும் தொப்புள்கொடியைப் பிளாஸ்டிக் கிளிப்பால் இறுக்காமல் நூலால் கட்ட வேண்டும்; கிளிப் மென்மையான சவ்வை உரசிப் புண்ணாக்கும். உலர்ந்த துணி ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒட்டாத மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சிறுநீர்ப்பையை மூட வேண்டும். இந்த இரண்டையும் பிரசவ அறையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.