எந்திரத் தட்டொலியும் அதன் மூலமும்

பழைய மகிழுந்து ஒன்றின் எந்திரத்தை முற்றாகப் பிரித்துச் சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் வளையங்களும் பொருத்தி, வால்வுகளைத் தேய்த்து அமர்த்தி, மீண்டும் பூட்டியவர் எதிர்பார்ப்பது ஒன்று. முதல் ஓட்டத்தில் அவருக்குப் பல வேளை கிடைப்பது வேறொன்று. ஏற்றத்தில் வண்டி திணறும். முடுக்கியை அழுத்தினால் சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற ஒலி எழும். அவ்வொலி கேட்டதும், பூட்டியவர் மனம் தாம் கைவைத்த இடங்களையே நாடும். தண்டின் பேரிங் தளர்ந்ததோ, பிஸ்டன் சரியாகப் பொருந்தவில்லையோ என ஐயுற்று, எந்திரத்தை மறுபடியும் இறக்கிவிடுவோரும் உளர். எது புதிதாக வந்ததோ அதன்மீதே பழி சுமத்துதல் மனித இயல்பு. இவ்வியல்பு பட்டறைக்கு மட்டும் உரியதன்று. தட்டொலி என்னும் அந்நோயின் வரலாறே இத்தகைய ஒரு பழியிலிருந்துதான் தொடங்குகிறது.

பழிக்கு உள்ளானவர் சார்லஸ் கெட்டரிங். 1876இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் பிறந்த இவர், கல்லூரி செல்லுமுன் நாட்டுப்புறப் பள்ளியில் ஆசிரியராய்ப் பணியாற்றியவர் என்பது நம்மவர்க்கு உவப்பூட்டும் செய்தி. எட்வர்டு டீட்ஸ் என்பாருடன் சேர்ந்து 1909இல் டேட்டன் நகரில் டெல்கோ நிறுவனத்தை அமைத்தார். மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டத்தை ஒரு கம்பிச் சுருளில் செலுத்தி, உரிய நொடியில் அதைத் துண்டித்து, அதனால் எழும் உயர் மின்னழுத்தத்தைத் தீப்பொறியாக்கும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். காடிலாக் வண்டிகளில் 1910ஆம் ஆண்டு வகையிலிருந்து இம்முறை இடம்பெற்றது. 1912ஆம் ஆண்டு வகையில் மின்சாரத் தொடக்கியும் சேர்ந்தது. பிற்காலத்து மோரிஸ் மைனர் வரை எண்ணற்ற வண்டிகளை இயக்கியது இதே தீமூட்டு முறைதான்.

அக்காலத்தில் எந்திரங்களில் தட்டொலி பெருகிற்று. குற்றம் புதிய தீமூட்டு முறையினதே என்றனர் பலர். அப்பழிக்கு வெளித்தோற்றத்தில் ஆதாரமும் இருந்தது. தீப்பொறியைச் சற்று முந்தச் செய்தால் தட்டொலி மிகும். பிந்தச் செய்தால் அடங்கும். ஆகவே தீப்பொறியே மூலம் என்று முடிவு கட்டுதல் எளிது. ஆயினும், ஒன்றை மாற்றும்போது நோய்க்குறி தணிவதாலேயே அது நோயின் மூலமாகிவிடாது. விசிறினால் உடற்சூடு தணியலாம். அதனால் காய்ச்சலின் மூலம் காற்றோட்டக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை.

உண்மையில் அந்நாளில் மாறிக்கொண்டிருந்தது வேறொன்று. வண்டிகளின் தொகை பெருகப் பெருகப் பெட்ரோலின் தேவையும் பெருகியது. சுத்திகரிப்போர் கனமான கூறுகளையும் பெட்ரோலோடு சேர்த்து விற்றனர். எரிபொருளின் இயல்பு மாறியதை எவரும் கண்ணால் காண இயலவில்லை. புதிய மின்பெட்டியையோ அனைவரும் கண்டனர்.

டெல்கோ நிறுவனம் பண்ணை வீடுகளுக்கென ஆக்கிய சிறு மின்னாக்கிகளில் பெட்ரோலுக்கு மாறாக மண்ணெண்ணெய் பயன்பட்டபோது தட்டொலி மேலும் கடுமையாயிற்று. தீமூட்டும் முறை ஒன்றே. எரிபொருள் மட்டுமே வேறு. 1916இல் கெட்டரிங் இச்சிக்கலைத் தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைத்தார். மிட்ஜ்லி சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியிறங்குவதை ஒளிக்கற்றையால் வரைந்து காட்டும் கருவியைக் கொண்டு ஆராய்ந்தார். தட்டொலிக்குரிய திடீர் அழுத்த ஏற்றம், தீப்பொறி தோன்றுமுன் நிகழவில்லை. தோன்றி, எரிதல் தொடங்கிய பின்னரே நிகழ்ந்தது. எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்வதால் தட்டுகிறது என்ற கருத்து அத்துடன் வீழ்ந்தது. தீமூட்டு முறையும் பழியினின்று விடுபட்டது.

அடுத்து நிகழ்ந்தது அறிவியல் வகுப்பில் எடுத்துரைக்கத்தக்கது. பனியினூடே தழைக்கும் ஒரு செடியின் இலைகள் செந்நிறமாய் இருப்பதால் வெப்பத்தை மிகுதியாய் ஏற்கின்றன என்றொரு கருத்து கெட்டரிங்கிற்கு இருந்தது. எரிபொருளைச் சிவப்பாக்கினால் அது விரைந்து ஆவியாகித் தட்டொலி நீங்குமோ என எண்ணினர். கையில் சிவப்புச் சாயம் இல்லை, அயோடினே இருந்தது. அதைக் கலந்தவுடன் தட்டொலி குறைந்தது! ஊகம் மெய்யாயிற்று என்று மகிழ்ந்து நின்றுவிடவில்லை என்பதே இங்குச் சிறப்பு. மிட்ஜ்லி வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார், பயனில்லை. நிறமற்ற அயோடின் சேர்மத்தைக் கலந்தார், பயன் தெரிந்தது. நிறத்திற்கு இதில் பங்கில்லை. பொருளின் வேதியியல்பே காரணம் என்பது உறுதியாயிற்று. தவறான ஊகத்திலிருந்து சரியான கண்டுபிடிப்புக்கு இவ்வளவு நேர்மையாய் நடந்து வந்த ஆய்வுகள் மிகப் பலவல்ல.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ இந்நோயை மற்றொரு பக்கமிருந்து அணுகினார். சிலிண்டருள் தீப்பிழம்பு ஒருபுறமிருந்து பரவும்போது, மறுபுறத்தில் எஞ்சிய கலவை நசுக்குண்டு சூடேறித் தானாகவே ஒருசேர வெடிக்கிறது. அவ்வெடிப்பே தட்டொலி என்று அவர் விளக்கினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றத்தக்க எந்திரம் ஒன்றை ஆக்கி, எந்த எரிபொருள் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என அளந்தார். நம் பகுதிக்கு அணுக்கமான செய்தியும் இங்கு உண்டு. போர்னியோவில் கிடைத்த பெட்ரோல் ஏனையவற்றினும் நன்றாகத் தட்டொலியை எதிர்ப்பதை அவர் கண்டார். டொலுவீன் போன்ற கூறுகள் அதில் மிக்கிருந்தமையே காரணம். ஆயினும் அடர்த்தி கூடிய பெட்ரோல் தாழ்ந்தது என்ற சந்தை நம்பிக்கையால், அது விலைபோகாமல் காட்டிலேயே எரித்து வீணாக்கப்பட்டு வந்தது. தரத்தை அளக்கத் தவறான அளவுகோலை எடுத்தவர்க்குச் சிறந்ததே கழிவாய்த் தோன்றிற்று.

சரியான அளவுகோல் 1920களின் பிற்பகுதியில் வந்தது. கிரகாம் எட்கர் என்பார், தட்டொலியை நன்கு எதிர்க்கும் ஐசோ ஆக்டேனை நூறாகவும், எளிதில் தட்டும் ஹெப்டேனைச் சுழியாகவும் கொண்டு அளக்கலாம் என்றார். இன்று நிலையங்களில் 95, 97 என்று எழுதியிருப்பது அவ்வளவைக் கொண்டு தரப்பட்ட எண்ணே.

நோயின் மூலம் தெரிந்தது. மருந்தோ வேறொரு நோயாயிற்று. அயோடின் விலைமிக்கது, உலோகத்தை அரிப்பது. அனிலினும் செலினியமும் டெலூரியமும் நாற்றத்தால் தள்ளப்பட்டன. 1921 டிசம்பர் 9ஆம் நாள் டெட்ரா எத்தில் ஈயம் சோதிக்கப்பட்டது. மிகச் சிறிதளவே தட்டொலியை அடக்கிற்று. 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது. சாராயம் கலந்தாலும் தட்டொலி அடங்கும் என்பதை இவர்கள் அறியாதவர் அல்லர். எனினும் ஈயம் மலிவானது, காப்புரிமைக்கும் உரியது. ஈயம் நஞ்சு என்பதோ பழங்காலந்தொட்டே அறிந்த ஒன்று. மிட்ஜ்லியே 1923இன் தொடக்கத்தில் அந்நஞ்சால் நலங்குன்றி ஓய்வெடுத்தவர். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதனைக் கையாண்ட தொழிலாளர் ஐவர், மனம் பேதலித்து மாண்டனர். 1925இல் விற்பனை நிறுத்தப்பட்டு விசாரணை நடந்தது. நச்சுயியல் அறிஞர் ஆலிஸ் ஹாமில்டன் எதிர்த்துரைத்தார். ஆயினும் 1926இல் இசைவு கிடைத்தது. எந்திரத்தின் நோயை அவ்வளவு நுணுகி ஆராய்ந்தவர்கள், மருந்து மனிதரிடம் என்ன செய்யும் என்பதில் அதே நுணுக்கத்தைக் காட்டவில்லை. இதை மன்னித்தல் எளிதன்று.

உலகின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன், தம் ஆய்வுக்கூடத்தில் எங்கும் ஈயம் படிந்திருக்கக் கண்டு அதன் வழியே சென்று, 1965இல் மக்கள் உடலில் ஈயம் இயற்கை அளவை மிக விஞ்சியிருப்பதை எழுதினார். 1975ஆம் ஆண்டு வகையிலிருந்து அமெரிக்க வண்டிகளில் பொருத்தப்பட்ட புகை தூய்மிப்பிக்கும் ஈயம் ஆகாததாயிற்று. சிங்கப்பூர் 1998இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. கடைசியாக 2021இல் அல்ஜீரியாவும் கைவிட்டது.

இவ்வரலாறு புதுப்பித்த பழைய எந்திரத்தைப் பார்ப்பதற்கு நேரடியாகப் பயன்படுகிறது. மோரிஸ் மைனர் 1000 வண்டியின் 948 கன செண்டிமீட்டர் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நாட்டுக்கு நாடு பெட்ரோலின் தரம் வேறுபட்டமையால், அது உயரமுக்கம், தாழமுக்கம் என இருவகையாய் வெளிவந்தது. எந்திர எண்ணில் வரும் எச் அல்லது எல் என்னும் எழுத்து அதைக் காட்டும். ஆனால் அவ்வெழுத்து எந்திரம் பிறந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். இடையில் பிஸ்டன்கள் மாறியிருக்கலாம். சிலிண்டர் ஹெட்டைச் சமன்செய்யச் செதுக்கியதால் அமுக்கம் கூடியிருக்கலாம். கையேட்டில் அச்சிட்ட தீப்பொறி நேரத்தை அப்படியே வைத்தால் தட்டொலி எழுவதில் வியப்பில்லை. தீப்பொறியைச் சிறிது பிந்தவிட்டு, அல்லது ஆக்டேன் எண் மிகுந்த பெட்ரோலை ஊற்றிப் பார்த்தால், ஒலி எரிதலில் பிறந்ததா, உலோகத்தில் பிறந்ததா என்பது எந்திரத்தைப் பிரிக்காமலே விளங்கும். ஒலி நீங்கினால் பேரிங்கின்மீது பழியில்லை. நீங்காவிடில் ஒவ்வொரு பிளக்கின் கம்பியாய்க் கழற்றி, எந்தச் சிலிண்டரில் ஒலி மாறுகிறது என்று கேட்கலாம்.

ஈயம் நீங்கியதால் வந்த நோயோ ஒலியே எழுப்பாதது. ஈயத்தின் படிவு, வெளியேற்று வால்வுக்கும் அதன் வார்ப்பிரும்பு இருக்கைக்கும் இடையே மெத்தைபோல் இருந்தது. கடினப்படுத்திய வளையம் இருக்கையில் பதிக்கப்பெறாத பழைய ஹெட்டில், ஈயமற்ற பெட்ரோலுடன் வேகமாய் ஓட ஓட இருக்கை தேயும், வால்வு மேலேறும். பிற தேய்மானங்களில் இடைவெளி கூடிச் சத்தம் பெருகும்; இங்கே இடைவெளி குறைந்து எந்திரம் முன்னிலும் அமைதியாகும். உரிமையாளர் அவ்வமைதியில் மகிழ்ந்திருப்பார். பின்னர் ஒருநாள் ஏற்றத்தில் வண்டி மூச்சுத் திணறும். கார்புரேட்டரைக் கழுவுவார், பிளக்குகளை மாற்றுவார், குறை தீராது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை வால்வின் முனையில் நுழைக்க முயன்று அது நுழையாதபோதுதான், வால்வு மூடாமல் அமுக்கம் கசிந்துகொண்டிருப்பது தெரியவரும்.