மின்மோட்டரும் பழம் பட்டறைகளும்: பேணுகை உழைப்பின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் ஆண்டுகளையே தமது காலவரிசையாகக் கொள்கின்றனர். கண்டுபிடிக்கப்பட்ட பொருள் பட்டறைக்குள் புகுந்த பின்னர் அதனைப் பல பத்தாண்டுகள் ஓடச் செய்தோர் யார், அவர்களது அறிவு எத்தகையது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பழைய கடைச்சல் இயந்திரங்களிலும் துளைப்பு இயந்திரங்களிலும் பூட்டப்பட்ட மின்மோட்டரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாக்களை இங்கு நோக்குவோம்.

2

மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதலாம் தொகுதியில், வளர்ச்சியுற்ற இயந்திரத் தொகுதியை இயக்கு பொறி, விசையைக் கடத்தும் பொறி, தொழில்புரியும் பொறி என மூன்று உறுப்புகளாகப் பகுத்தார். அவர் கண்ட பட்டறையில் இவற்றுள் கண்ணை நிறைத்தது இரண்டாவது உறுப்பாகும். ஒரு நீராவி எந்திரம் கூரையின் கீழ் நீண்டு கிடந்த இரும்புத் தண்டைச் சுழற்றிற்று. தண்டிலிருந்த கப்பிகளிலிருந்து தோல் வார்கள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் இயக்கின. ஓர் இயந்திரம் மாத்திரம் தேவைப்பட்ட வேளையிலும் தண்டு முழுவதும் சுழன்றாக வேண்டும். விசையின் கணிசமான பகுதி உராய்விலே அழிந்தது. தண்டின் போதிகைகளுக்கு ஓயாது எண்ணெய் இட வேண்டியிருந்தது. வாரில் உடையோ கையோ சிக்கி உறுப்பிழந்த, உயிரிழந்த தொழிலாளர் பலர். இயந்திரம் எங்கு நிற்க வேண்டும் என்பதை வேலையின் ஒழுங்கன்றித் தண்டின் கிடையே நிர்ணயித்தது.

மின்மோட்டர் இந்தக் கடத்தும் உறுப்பையே கரைத்துவிடும் ஆற்றல் கொண்டது. அவ்வாற்றலை முதலில் உணர்ந்தோருள் ஏங்கெல்சும் ஒருவர். 1882இல் மார்செல் டெப்ரே மீஸ்பாக்கிலிருந்து 57 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மியூனிச்சுக்குத் தந்திக் கம்பி வழியே மின்விசையைக் கடத்திக் காட்டினார். அடுத்த ஆண்டு பேண்ஸ்ரைனுக்கு எழுதிய கடிதத்தில், இக்கண்டுபிடிப்புக் கைத்தொழிலை இடத்தின் தளையிலிருந்து விடுவித்து, நகருக்கும் நாட்டுப்புறத்துக்குமுள்ள முரணை ஒழிக்கும் நெம்புகோலாகும் என்னும் கருத்தை ஏங்கெல்ஸ் வெளியிட்டார். ரெஸ்லாவின் 1888ஆம் ஆண்டுக் காப்புரிமைகள், டொலிவோ-டொப்ரோவொல்ஸ்கி 1889இல் அமைத்த கூட்டுச் சுழலி மோட்டர், 1891இல் லவுஃபனிலிருந்து பிராங்பேட் கண்காட்சிக்கு 175 கிலோமீற்றர் தூரம் நடைபெற்ற மூவவத்தை மின்கடத்தல் ஆகியன அந்த எதிர்பார்ப்பைத் தொழினுட்ப அளவிலே உறுதி செய்தன.

3

எனினும் பட்டறை உடனே மாறிவிடவில்லை. அமெரிக்க உற்பத்தித் தொழிலில் 1899இல் இயக்குவிசையின் இருபதிலொரு பங்குக்கும் குறைவானதையே மின்மோட்டர் அளித்தது. 1929இல் அது நான்கில் மூன்று பங்கைக் கடந்திருந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளின் தாமதத்தை வோரன் டிவைன் 1983இலும் போல் டேவிட் 1990இலும் விளக்கியுள்ளனர். தொடக்கத்தில் முதலாளிகள் நீராவி எந்திரத்தை அகற்றி அதனிடத்தில் பெரிய மோட்டரை வைத்தனரேயன்றித் தண்டையும் வாரையும் அகற்றவில்லை. பின்னர் சில இயந்திரங்களுக்கு ஒரு மோட்டர் என்னும் குழுமுறை வந்தது. ஓர் இயந்திரத்துக்கு ஒரு மோட்டர் என்னும் முறை பரவலாகியபோதே பட்டறைக் கட்டடத்தின் அமைப்பும் வேலையின் ஒழுங்கும் மாறின.

முன்னைய முதலீட்டைக் கைவிட மனமின்மையே தாமதத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். அதன் விளைவாகத் தோன்றியதே இன்று பழம் பட்டறைகளில் நாம் காணும் கலப்பினப் பொறி. வாருக்கென வார்க்கப்பட்ட கடைச்சல் இயந்திரம் ஒன்றின் பின்னாலோ மேலோ ஒரு தாங்குசட்டத்தைப் பொருத்தி, அதிலே மோட்டரை ஏற்றி, பழைய படிக்கப்பியை அப்படியே பயன்படுத்தினர். இயந்திரம் ஒரு தலைமுறைக்கும் மோட்டர் இன்னொரு தலைமுறைக்கும் உரியனவாக அமைந்தன. இதைப் பெரும்பாலும் பட்டறைத் தொழிலாளரே செய்து முடித்தனர்.

4

இம்மோட்டரின் உடலை நோக்குவோமாயின் அதனுள் ஓர் உலகப் பொருளாதாரமே பொதிந்திருப்பதைக் காணலாம். அக்காலச் செம்புக் கம்பி பருத்தியாலோ பட்டாலோ சுற்றப்பட்டது. அதனை இறுக்கிய அரக்கு பெரும்பகுதியும் இந்தியக் காடுகளிலிருந்து சென்றது. திசைமாற்றியின் செம்புத் துண்டங்களுக்கிடையே வைக்கப்பட்ட மைக்காத் தகட்டின் முதன்மையான ஊற்றுக்களுள் ஒன்றாக அன்று பிகாரில் அடங்கியிருந்த கொடர்மாப் பகுதிச் சுரங்கங்கள் விளங்கின. தூரிகைகளுக்குரிய மூலப்பொருள்களுள் காரீயமும் ஒன்று. அதனை ஏற்றுமதி செய்த நாடுகளுள் இலங்கையும் அடங்கும். குடியேற்ற நாடுகள் மூலப்பொருளாக அனுப்பியவை ஆளும் நாடுகளின் மோட்டராகத் திரும்பி வந்து அவற்றுக்கே விற்கப்பட்டன.

சுருள் சுற்றும் உழைப்பும் கவனிக்கத்தக்கது. 1904இல் அமெரிக்காவில் வெஸ்ரிங்ஹவுஸ் தொழிற்சாலைகளிற் பிடிக்கப்பட்ட குறும் படங்களிலே சுருள் சுற்றும் பெண்களின் வரிசைகளைக் காண்கின்றோம். வேலை சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவர் சுருள் சுற்ற, மற்றொருவர் அதனைச் சுருள்காடிகளிற் பதிக்க, வேறொருவர் இணைப்பைச் செய்வார். மோட்டரின் முழுமை எவருக்கும் உரியதன்று.

5

மோட்டர் பழுதுற்றுத் திருத்துவோரிடம் வரும்போது இந்நிலை தலைகீழாகின்றது. பிரிந்து கிடந்த கூறுகள் யாவும் ஒரே கையில் மீண்டும் சேர்கின்றன.

நெடுங்காலம் ஓடாதிருந்த மோட்டருக்கு உடனே மின்னூட்டுதல் தகாது. ஈரம் உறிஞ்சிய பருத்தியும் காகிதமும் காவலிடும் தன்மையை இழந்திருக்கும். முதலில் உடலுக்கும் சுருளுக்குமிடையே காவலீட்டுத் தடையை அளந்து, குறைவாயின் மிதமான வெப்பத்தில் உலர்த்தி மீண்டும் அளத்தல் வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசால் உயருந்தோறும் காவலீட்டின் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியியலார் கைக்கொள்ளும் பொது விதி. வெள்ளை உலோகப் போதிகை தேய்ந்தால் சுழலி இறங்கி நிலையியை உரசும். எண்ணெய் குறைந்தால் போதிகை எரியும். மிகுந்தால் எண்ணெய் சுருளுட் பரவிக் காவலீட்டைக் கெடுக்கும்.

சுருளே எரிந்துபோயின் அதனைக் களையுமுன் கம்பியின் தடிப்பு, சுற்றுகளின் எண்ணிக்கை, ஒரு சுருள் எத்தனை காடிகளைத் தாண்டுகின்றது, இணைப்புகளின் ஒழுங்கு என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர்த்தகடு அழிந்த மோட்டருக்கு எரிந்த சுருளே எஞ்சிய ஆவணம். சிதைந்த ஏட்டிலிருந்து மூலபாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம். ஏட்டைப் போலவே இங்கும் அவசரம் மூலத்தை அழிக்கும்: பழைய சுருளை அகற்றும்போது மிகையாகச் சூடேற்றினால் அகணியின் இரும்புத் தகடுகளுக்கிடையேயுள்ள மெல்லிய காவலீடு கெட்டு, புதுச் சுருள் இட்ட பின்னரும் மோட்டர் வெப்பமுற்றுக்கொண்டே இருக்கும்.

இடம்பெயர்ந்த மோட்டர் மற்றொரு சிக்கலை எழுப்பும். செக்கனுக்கு 60 சுற்று மின்னுக்கென அமெரிக்காவில் ஆக்கப்பட்ட நான்கு முனைவு மோட்டரின் ஒத்தியங்கு வேகம் நிமிடத்திற்கு 1800 சுழற்சியாகும். 50 சுற்று மின்னில் அது 1500 ஆகக் குறையும். அழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்காவிடில் அகணி காந்தத்தால் நிரம்பிச் சுருள் சூடேறும். நாடுகளின் மின் நியமங்கள் வேறுபட்டமையின் விலையை ஈற்றில் கொடுப்பவர் திருத்துவோரேயாவார்.

6

தேய்வு இருவகைத்து என்பதையும் மார்க்ஸ் சுட்டினார். ஒன்று உலோகத்தின் தேய்வு. மற்றது, மலிவான அல்லது மேலான இயந்திரம் தோன்றுவதால் பழையது பெறுமதி இழத்தல். இரண்டாவதனைக் காட்டிப் பழையதை எறியுமாறு சந்தை கூறும். இக்கூற்று முற்றிலும் பொய்யன்று; திறன் குறைந்த மோட்டர் நாடோறும் வீணாக்கும் மின்னையும் கணக்கில் எடுத்தல் வேண்டும். பழைமைப் பற்று மாத்திரம் பேணுகைக்கு நியாயமாகாது. ஆயின் கணக்கு எவருடையது என்பதே வினா. மோட்டரை ஆக்காது இறக்குமதி செய்யும் எம்போன்ற நாடுகளில் ஒரு மோட்டரைத் திருத்துவது அந்நியச் செலாவணியைக் காப்பதோடு ஓர் அறிவையும் காக்கின்றது.

ஏங்கெல்ஸ் எதிர்நோக்கியவாறு மின்விசை இடத்தின் தளையை அறுத்தது. உடைமையின் தளையை அது தானாக அறுக்கவில்லை. சிறு பட்டறைகளில் எஞ்சியிருக்கும் சுருள் சுற்றுவோரின் குறிப்பேடுகளும் வாய்மொழி அறிவும் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. அக்குறிப்பேடுகள் பெரும்பாலும் ஒருவரது ஆயுளோடு அழிவன. ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சென்ற அதே அக்கறையோடு அவற்றையும் தேடுவது எமது பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளுக்கும் பொறியியல் துறைகளுக்கும் பொதுவான கடமையாகும்.