ஏப்ரல் 1: எங்க ஊரு மாநிலம் மாறின நாள்

"வரலாற்றில் இன்று" லிஸ்ட் படிக்கிற பழக்கம் உங்கள்ல நிறைய பேருக்கு இருக்கும். எனக்கும் உண்டு. சம்பந்தமே இல்லாத ரெண்டு விஷயம் ஒரே தேதியில நடந்திருந்தா "அட!"ன்னு ஒரு சின்ன சந்தோஷம். எங்க திருத்தணியில பிறந்த ராதாகிருஷ்ணனுக்கும் ஓட்டப்பிடாரத்துல பிறந்த வ.உ.சி.க்கும் ஒரே பிறந்தநாள், செப்டம்பர் 5. அந்த மாதிரி.

சரி, இப்போ ஏப்ரல் 1-ஐ எடுத்துக்குவோம். முட்டாள்கள் தினம்னு சொல்லிட்டு எல்லாரும் தாண்டிப் போயிடுற நாள். ஆனா லிஸ்ட்டைப் பாருங்க.

1911 - சித்தூர் மாவட்டம் உருவானது
1935 - ரிசர்வ் வங்கி வேலையைத் தொடங்கியது
1936 - ஒரிசா தனி மாகாணம் ஆனது
1937 - பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது
1957 - அணா போய் நயா பைசா வந்தது
1960 - திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது
1973 - புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது
1976 - ஆப்பிள் கம்பெனி ஆரம்பம்
2004 - ஜிமெயில் அறிமுகம்

நம்ம தொழில்ல ஒரு டேபிளைத் திறந்து பார்க்கிறோம், நிறைய வரியில ஒரே தேதி இருக்குன்னு வைங்க. தற்செயல்னு யாரும் நினைக்க மாட்டோம். எவனோ டீஃபால்ட் வேல்யூ வெச்சிருக்கான்னு உடனே தோணும். இங்கேயும் அதே கதைதான். 1867-லதான் இந்தியாவோட நிதியாண்டை ஏப்ரல் 1-க்கு மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி மே 1. அதுக்கப்புறம் புது மாவட்டமோ, மாகாணமோ, நாணயமோ, கணக்கு சுத்தமா ஆரம்பிக்கணும்னா ஏப்ரல் 1 வசதி. ஆப்பிளும் ஜிமெயிலும் மட்டும் இந்த நிதியாண்டுக் கணக்குல சேராதவை.

இதுல எங்க ஊரு எங்கே வருதுன்னா, ரெண்டு இடத்துல வருது. ஆர்.கே.பேட்டை திருத்தணிக்குப் பக்கம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம். கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்த திருத்தணிப் பகுதி வட ஆர்க்காட்டுல இருந்தது. 1911 ஏப்ரல் 1-ல புது சித்தூர் மாவட்டத்துக்குப் போச்சு. அப்போ அது பெரிய விஷயமில்ல, எல்லாமே சென்னை மாகாணம்தானே. வினை 42 வருஷம் கழிச்சு வந்தது. 1953 அக்டோபர் 1-ல ஆந்திர மாநிலம் பிரிஞ்சப்போ சித்தூர் மாவட்டம் அப்படியே அந்தப் பக்கம் போயிடுச்சு, திருத்தணியையும் சேர்த்து.

அப்புறம்தான் வடக்கெல்லைப் போராட்டம். ம.பொ.சி. திருப்பதி வரைக்கும் கேட்டார். மங்கலங்கிழார் ஊர் ஊராப் போய் தமிழ் சொல்லிக்கொடுத்தே ஆள் சேர்த்தார். ஆனா 1953 ஆகஸ்ட்லயே அவர் காலமாயிட்டார், முடிவைப் பார்க்கலை. கடைசியில படாஸ்கரை நடுவரா வெச்சுப் பேசி, 1959-ல பார்லிமெண்ட்ல சட்டம் போட்டாங்க. அமலுக்கு வந்த நாள் 1960 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. திருத்தணியும் பள்ளிப்பட்டும் இங்கே வந்தது. திருப்பதி, சித்தூர், காளஹஸ்தி வரலை. பதிலுக்கு சத்தியவேடு மாதிரி ஊர்கள் அங்கே போச்சு. அங்கே இருந்த தமிழர்களுக்கு அதே ஏப்ரல் 1 வேற மாதிரி நாள். இந்தப் பக்கம் வந்த தெலுங்குக்காரங்களுக்கும் அப்படித்தான். எங்க கடைத்தெருவுல இன்னிக்கும் ரெண்டு பாஷையும் கலந்துதான் பேரம் நடக்குது.

வேடிக்கை என்னன்னா, அப்போ இந்தியாவோட துணைக் குடியரசுத் தலைவரே ராதாகிருஷ்ணன்தான். அவர் பதவியில இருக்கும்போதே அவர் பிறந்த ஊரு ரெண்டு தடவை மாநிலம் மாறிடுச்சு!

இன்னொரு விஷயம். அதே வெள்ளிக்கிழமை, நம்ம நேரம் சாயங்காலம் 5.10-க்கு, அமெரிக்கா டைரோஸ்-1-ஐ ஏவினது. உலகத்தோட முதல் வெற்றிகரமான வானிலை செயற்கைக்கோள். 78 நாள் வேலை செஞ்சு பூமி மேல இருக்கிற மேகங்களைப் படம் பிடிச்சு அனுப்பினது. உலக லிஸ்ட்ல 1960 ஏப்ரல் 1-க்கு நேரா இதுதான் இருக்கும். எங்க ஊரு இருக்காது. இது சுத்தத் தற்செயல், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச தற்செயல். மேலேயிருந்து பார்த்தா மேகம் தெரியும், கடற்கரை தெரியும். அன்னிக்குக் காலையில மாத்தி வரைஞ்ச எங்க எல்லைக்கோடு மட்டும் தெரியாது.

அந்தக் கோடு தெரியுறது பத்திரத்துலதான். எங்க வீட்டுப் பழைய பத்திரம் ஒண்ணுல சித்தூர் ஜில்லா. அடுத்ததுல செங்கல்பட்டு ஜில்லா. 1997-க்கு அப்புறம் எழுதினதுல திருவள்ளூர் மாவட்டம். நிலம் ஒரு அங்குலம் நகரலை. ஆனா நான் பள்ளிக்கூடத்துல எந்த பாஷையில படிச்சேன், எந்த ஊருக்கு வேலைக்குப் போனேன், இப்போ எந்த பாஷையில இதை எழுதுறேன், எல்லாத்தையும் அந்த நடு மாற்றம்தான் முடிவு பண்ணியிருக்கு.

நவம்பர் 1 எல்லாருக்கும் தெரியும். 1956-ல மொழிவாரி மாநிலங்கள், தெற்கே கன்னியாகுமரி நம்மோட சேர்ந்த நாள். வடக்கெல்லையில இருக்கிற எங்களுக்கு ஏப்ரல் 1. உலக லிஸ்ட்ல இல்லாத இப்படி ஒரு தேதி உங்க ஊருக்கும் கண்டிப்பா இருக்கும். வீட்டுல பழைய பத்திரம் இருந்தா ஒரு தடவை எடுத்துப் பாருங்க.