தீப்பெட்டிப் படமும் தொடுதிரையும்

பல்லுயிரியத்தைச் செயலிகள் வழியாகவும் விளையாட்டுகள் வழியாகவும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். கைப்பேசி வந்த பிறகே இந்த எண்ணம் பிறந்தது போன்ற ஒரு தொனி அந்தப் பேச்சில் இருக்கிறது. கோவில்பட்டிக் கரிசலை அறிந்தவர்கள் இதை அப்படியே ஒப்ப மாட்டார்கள். 3 புலிகளுக்கு 15 ஆடுகள் என்று திண்ணையில் கோடு கிழித்து ஆடியவர்களுக்கு, வேட்டையாடுவது சிலவாகவும் இரை பலவாகவும் இருக்கும் கணக்கை எவரும் தனியே சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆடுபுலி ஆட்டத்தை அல்ல, தீப்பெட்டிப் படத்தை. 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கற்றுவந்த தொழில், வானம் பார்த்த இந்தப் பூமியில் சாத்தூர், கோவில்பட்டி என்று வேர்விட்டுப் பரவியது. எழுத்தறியாதவரும் அடையாளம் சொல்லிக் கேட்டு வாங்கப் படம் உதவியது. மானும் மயிலும் புலியும் கிளியும் பெட்டிகளின் மேல் ஏறின. ஊர்ப் பிள்ளைகள் அவற்றைச் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், பந்தயம் வைத்து விளையாடினார்கள். வேறு சில பிள்ளைகள் அதே படங்களைக் கூலிக்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை விட்டுவிட்டு இந்த வட்டாரத்தில் கல்வியின் வரலாற்றை எழுத முடியாது.

எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞரின் பெயர் இங்கே இரண்டு முறை வருகிறது. சுற்றுச்சூழல் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் சொன்னது அவர் தொடுத்த வழக்கில். சிவகாசித் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைப்பது குறித்து, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளிகள் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்ததும் அவர் தொடுத்த வழக்கில்தான். மானைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வழக்கு, மான் படத்தை ஒட்டும் இடத்திலிருந்து பிள்ளையை விடுவிக்க இன்னொரு வழக்கு!

அதே 1996இல் ஜப்பானில் போகிமான் வெளிவந்தது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்த வயல்வெளிகளெல்லாம் கட்டடங்களாகிப் போனதால், பூச்சி பிடிக்கும் இன்பத்தைத் திரைக்குள் கொண்டுவந்தார். 2002இல் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் நண்பர்களும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதினார்கள். எட்டு வயதைத் தாண்டிய பிரிட்டிஷ் குழந்தைகள் போகிமான் உருவங்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை இனங்கண்டார்கள். அவர்களுடைய நாட்டின் சாதாரண உயிர்களில் பாதியைக்கூட அவர்களால் சொல்ல முடியவில்லை. கல்வி விளையாட்டுகளுக்கு வந்த மவுசுக்கு இந்தக் குறிப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

பிறகு நடந்தவை வேகமானவை. 2002இல் இ-பேர்ட், 2008இல் ஐ-நேச்சுரலிஸ்ட், 2014இல் மெர்லின். இவை மாயத்தால் இயங்குவன அல்ல. ஆயிரமாயிரம் பேர் நடந்து, பார்த்து, படமெடுத்து ஏற்றியவற்றிலிருந்து கணினி பழகிக்கொள்கிறது. ஆகவே யாரும் நடக்காத நிலத்தைப் பற்றி அதற்குத் தெரிவது சொற்பம். காடு என்றால் மலைக்காடு என்றே நினைப்பவர்கள் கரிசல் வெளிக்கு எதற்கு வருவார்கள்? அரசு ஏட்டில் அதன் பெரும்பகுதிக்குத் தரிசு என்று பெயர். (கரிசல்காரர் 'காட்டுக்குப் போறேன்' என்றால் வயலுக்குப் போகிறார் என்று பொருள்.) மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் குளிர்காலத்தில் வந்து, பகலெல்லாம் தாழப் பறந்து வெட்டுக்கிளி தேடி, இரவில் தரையில் கூட்டமாகத் தங்குவது இப்படிப்பட்ட தரிசுகளில்தான்.

பெயர்ச் சிக்கல் இதைவிடப் பெரியது. முதல் மழை மண்ணுக்குள் இறங்கியதும் கரிசலில் சிவப்பு வெல்வெட்டாக ஊர்ந்து வரும் சிற்றுயிரைப் படமெடுத்தால், செயலி அதன் இலத்தீன் குடும்பப் பெயரைச் சொல்லும். தமிழில் அது இந்திரகோபம், மூதாய், தம்பலப்பூச்சி, பட்டுப்பூச்சி. விளையாட்டில் மதிப்பெண் முதல் விடைக்குத்தான். பட்டுப்பூச்சி என்று சொன்ன பிள்ளை, தான் அறியாதவன் என்று கற்றுக்கொள்கிறான். இதை நான் சிறிய இழப்பாகக் கருதவில்லை.

இத்தனைக்கும் அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. திருநெல்வேலியில் பிறந்த மா.கிருஷ்ணன் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்காகப் பறவைகளைப் பற்றி எழுதினார். இடைசெவல் கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொல்லகராதியை 1982இல் பதிப்பித்தார், பல்கலைக்கழகத் துணை ஏதும் இல்லாமல். 2002இன் பல்லுயிரியச் சட்டம் ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும் என்கிறது. அதில் உள்ளூர்ப் பெயருக்கு இடம் உண்டு. கி.ரா.வின் அகராதியையும் இந்தப் பதிவேட்டையும் ஒரு செயலிக்குள் சேர்ப்பது தொழில்நுட்பத்துக்குக் கடினமான காரியமே அல்ல. மாணவன் ஆத்தாவிடம் கேட்டு வந்த பெயருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு என்று விதியை மாற்றினால், அவளும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவாள்.

2015இலிருந்து ஆண்டுதோறும் தை மாதத்தில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு எனக்கு நம்பிக்கை தருகிறது. பள்ளி விடுமுறை, கரிசலில் விளைச்சல் நிற்கும் காலம், பூனைப்பருந்துகளும் வந்துவிட்டிருக்கும். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று கண்டதையும் கேட்டதையும் எண்ணினால் போதும். கைப்பேசி இல்லாத பிள்ளை தாளில் எழுதிக்கொள்ளலாம். விடுமுறை முடிந்ததும் ஆசிரியர் அதை ஏற்றிவிடலாம்.